விலைக்கு வந்த மனையும் விலகாத கல்லறையும்

வீடு வாங்கப் புறப்படும் நம்மவர் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கின்றனர். அடுத்துப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கின்றனர். மூன்றாவதாக ஒன்றை வாய்விட்டுக் கேளாமல் கண்ணால் மட்டும் தேடுகின்றனர். சன்னலைத் திறந்தால் கல்லறை ஏதும் தெரிகிறதா என்பதே அது. தெரிந்துவிட்டால் விலை எவ்வளவு குறைவாயினும் மனம் தயங்குகிறது. ஆனால், தென் தில்லியின் குடியிருப்புகளில் இந்தத் தேடல் பெரும்பாலும் வீண். தமிழர் மிகுதியாக வாழும் ஆர்.கே. புரத்தின் நடுவிலேயே லோதி காலத்துக் கல்லறை மாடங்கள் நிற்கின்றன. கிரீன் பார்க்கை அடுத்து, ஹௌஸ் காஸ் செல்லும் சாலையோரமாக நிற்கும் பெரியதும் சிறியதுமான இரு கல்லறைகளை அங்குள்ளோர் 'தாதி – போதி' என்கின்றனர். பாட்டியும் பேத்தியும் என்பது பொருள். உள்ளே உறங்குவோர் யார் என்பது தெரிந்திலது. கட்டடத்தின் அளவை வைத்து உறவு சொல்லிவிட்டார்கள். பெயரறியாத இறந்தோர்க்கும் ஒரு முறை வைத்து அழைத்துவிட்டால் அச்சம் பாதி தீர்ந்துவிடும் போலும்!

இந்தத் தயக்கத்தை நம் கதைஞர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். மலிவான விலைக்கு ஒரு பங்களா. தோட்டத்து மூலையில் ஒரு கல்லறை. நள்ளிரவில் ஒரு வெள்ளைச் சேலை. இறுதியில் ஒரு மந்திரவாதியோ, ஒரு துப்பறிபவரோ. வார இதழ்களில் இவ்வமைப்பில் வந்த கதைகளைப் படித்து நாமும் ஒருகாலத்தில் விளக்கணைக்க அஞ்சியதுண்டு. அச்சம் ஒரு சுவையே. அதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் இக்கதைகளில் கல்லறை என்பது கதவைக் கிறீச்சிட வைக்கும் ஒரு கருவிக்கு மேல் எதுவுமாக இல்லை. பேய் நீங்கியதும் கல்லறையும் கதையிலிருந்து நீங்கிவிடுகிறது. வீட்டின் விலையும் பழைய நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. உண்மையில் ஒரு மனையில் கல்லறை இருப்பது எழுப்பும் வினா பேயைப் பற்றியதன்று. இம்மண் யாருடையது, வந்தவர் யார், இருந்தவர் யார் என்னும் வினா அது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர்க்கு அது வெறும் இலக்கிய வினாவும் அன்று. அவ்வினாவை நேர்நின்று கேட்ட படைப்புகள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலில் வைக்கத்தக்கது அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய 'ஹோம் பரியல்' என்னும் நெடுங்கவிதை. 'இல்லத்து அடக்கம்' என்று அதைத் தமிழாக்கலாம். 1914-இல் இலண்டனில் வெளிவந்த 'நார்த் ஆஃப் பாஸ்டன்' என்னும் தொகுதியில் அது இடம்பெற்றது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியில் பண்ணைவீட்டார் தம் குடும்பத்தில் இறந்தோரைத் தம் நிலத்திலேயே அடக்கம் செய்வது பழைய வழக்கம். அதனால் அங்கே ஒரு வீடு விலைபோகும்போது அதனுடன் யாரோ ஒரு குடும்பத்தின் கல்லறைகளும் சேர்ந்தே கைமாறுவதுண்டு. நிலம் விற்கப்பட்டாலும் அடக்கவிடத்தையும் அதற்குச் செல்லும் வழியையும் விற்றவர் தமக்கென நிறுத்திக்கொண்ட பத்திரங்கள் பல. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம், அடக்கவிடத்திலிருந்து 25 அடிக்குள் புதிதாகக் கட்டவோ தோண்டவோ பொதுவாக இடந்தருவதில்லை. வாங்கியவர் மனைக்கு உரியவர். கல்லறைக்குக் காவலர் மட்டுமே.

கவிதையின் களம் ஒரு மாடிப்படி. படியின் மேற்புறத்தில் ஒரு சிறு சன்னல். அதன் வழியே மனைவி எதையோ திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். கீழே நிற்கும் கணவன் அவளைக் காண்கிறான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே மேலேறி வருகிறான். அவள் சொல்வதாயில்லை, பார்த்தாலும் உனக்குத் தெரியாது என்பது அவள் எண்ணம். அவனும் பார்க்கிறான், சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு தெரிகிறது. குன்றின் சரிவில் அவன் முன்னோரின் சின்னஞ்சிறு இடுகாடு. சில கற்களும், அவற்றின் அருகே அண்மையில் எழுந்த ஒரு குழந்தையின் மண்மேடும். அவர்களுடைய முதற்குழந்தை அது. குழியைத் தோண்டியவன் தந்தையே. தோண்டியதை இதே சன்னல் வழியாகப் பார்த்தவள் தாய்.

இக்கவிதையைப் பற்றி இருபெரும் திறனாய்வுகள் உள்ளன. ராண்டல் ஜாரெல் 1962-இல் எழுதியது ஒன்று. சோவியத் நாட்டிலிருந்து 1972-இல் வெளியேற்றப்பட்ட கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி 1994-இல் எழுதியது மற்றொன்று. இருவரும் சொல் சொல்லாக நின்று, கணவன் மனைவி இருவர் மனத்தையும் பிளந்து காட்டுகின்றனர். அவர்களிடம் நாம் கற்றது மிகுதி. எனினும் மனத்தின்மேல் வைத்த கண்ணை அவர்கள் மனையின்மேல் அவ்வளவாக வைக்கவில்லை என்றே நமக்குப் படுகிறது. ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். கணவன் அந்த இடுகாட்டைத் தன்னவர்கள் இருக்குமிடம் என்று சொல்கிறான். சன்னல் சட்டத்துக்குள் முழுவதும் அடங்கிவிடும் அளவுக்கு அது சிறியது என்பதை அப்போதுதான் வியப்போடு காண்கிறான். பிறந்தது முதல் பழகிவிட்டதால் கண்ணில் படாமல் போயிற்று போலும் என்று தானே காரணமும் சொல்லிக்கொள்கிறான். கற்களைக் கூட எண்ணிச் சொல்லத் தெரிந்தவன் அவன். ஆனால் அந்தச் சன்னலிலிருந்து அவற்றைப் பார்த்ததில்லை.

அவளோ வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் புதியவள். அவளுக்கு அந்த இடுகாட்டில் 'தன்னவர்' என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்போது ஒரே ஒருவர் உண்டு. அந்த ஒருவரையும் அவன் தன்னவரோடு வரிசையில் வைத்து எண்ணத் தொடங்கும்போதுதான் அவள் பொறுக்கமாட்டாமல் தடுத்துக் கதறுகிறாள் என்று நாம் படிக்கிறோம். குழந்தை இறந்த துயரத்தில் இருவரும் பங்காளிகள், மண்ணில் அல்லர். கல்லறையுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். கல்லறை பழகிப்போன வீட்டில் பிறந்தவன் அவன். சண்டையின் வேர் இங்கே இருக்கிறது.

குழி தோண்டிவிட்டுச் சமையலறைக்கு வந்து அமர்ந்தவன், செருப்பில் புதுமண் காய்வதற்குள், மழையிலும் பனியிலும் மரவேலி எத்தனை நாளில் உளுத்துப்போகும் என்று பேசினானாம். அதை அவள் மறக்கவே இல்லை. கல்நெஞ்சன் என்கிறாள். தன் கையால் கட்டியது நிலைக்கவில்லையே என்ற துயரத்தை வேலியின்மேல் ஏற்றிச் சொன்னான் என்று அவனுக்காக வாதாடுவோர் உண்டு, வாதம் வலிமையானதே. ஆனால், நம் ஊர்ப்புறத்தில் சாவு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாற்றங்காலைப் பற்றியும் வாய்க்கால் முறையைப் பற்றியும் பேசுவோரைப் பார்த்தவர்க்கு இதற்கு அவ்வளவு நுண்ணிய விளக்கம் வேண்டியதில்லை. நிலத்தில் இருப்பவன் நிலத்தின் மொழியில்தான் அழுவான். அம்மொழி அவளுக்குத் தெரியாது. கவிதை தீர்ப்புச் சொல்லாமல் முடிகிறது: அவள் கதவைத் திறக்கிறாள், அவன் பின்தொடர்ந்து வந்து வலிந்து அழைத்து வருவேன் என்கிறான். அவள் எங்கே போவாள் என்பது அவளுக்கும் தெரியாது. குழந்தையை எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஃபிராஸ்டை நியூ இங்கிலாந்தின் மண்ணின் மைந்தர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் பிறந்தது 1874-இல், நாட்டின் மறுகோடியான சான் பிரான்சிஸ்கோவில். தந்தை இறந்தபின் 1885-இல், பதினொரு வயதுச் சிறுவனாகக் கிழக்கே வந்து சேர்ந்தார். 1900-ஆம் ஆண்டு கோடையில் அவருடைய முதல் மகன் எலியட் நான்கு வயது நிறையுமுன் இறந்தான். அவ்வாண்டே குடும்பம் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டெர்ரி பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. வந்தேறியின் கண்ணும் தந்தையின் நெஞ்சும் சேர்ந்த இடத்தில் பிறந்த கவிதை இது. இதைப் பொதுமேடையில் படிக்க அவர் விரும்பியதில்லை என்பர்.

வந்தேறி ஒருவன் கல்லறைக்கு நிலம் வாங்கும் கதைக்கு இதைவிட மிகப் பழைய வடிவம் விவிலியத்தில் உள்ளது. ஆதியாகமத்தின் 23-ஆம் அதிகாரம் ஏறத்தாழ முழுவதும் ஒரு கிரயப் பேச்சுவார்த்தை. சமயநூல் என்னும் நினைவைச் சற்று ஒதுக்கிவைத்துக் கதையாகப் படித்தால் அதன் நயம் புலப்படும். ஆபிரகாமின் மனைவி சாராள் எபிரோனில் இறந்துபோகிறாள். அவனுக்கு அந்நாட்டில் ஒரு சாண் நிலமும் இல்லை. தான் அந்நியன், பரதேசி என்று சொல்லித்தான் ஊராரிடம் பேச்சைத் தொடங்குகிறான். ஊரார் பெருந்தன்மையோடு, எங்கள் கல்லறைகளில் சிறந்ததில் அடக்கம் செய்துகொள் என்கின்றனர். அவன் வணங்கி மறுக்கிறான். எப்பெரோன் என்பவனின் வயற்கோடியில் உள்ள குகையை முழுவிலைக்குத் தரவேண்டும் என்கிறான். எப்பெரோன், வயலையும் குகையையும் சும்மாவே தந்தேன் என்கிறான். அதையும் அவன் ஏற்பதில்லை. அப்போது எப்பெரோன் சொல்லும் விடை, வணிகம் தெரிந்த எவரையும் புன்னகைக்க வைக்கும்: நானூறு சேக்கல் வெள்ளி பெறும் நிலம், நமக்குள் அது என்ன பெரிது! விலையைச் சொல்லிவிட்டான், சொல்லாததுபோலவும் சொல்லிவிட்டான். ஆபிரகாம் பேரம் பேசவில்லை. நகர வாயிலில், எல்லாரும் பார்க்க, 400 சேக்கலையும் நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

இலவசமாகக் கிடைத்ததை ஏன் மறுத்தான்? உபகாரமாகப் பெற்ற இடத்தில் கிடப்பவர் விருந்தினராகவே கிடப்பார். பிள்ளைகள் காலத்தில் யாரேனும் ஒருவர் அதைச் சொல்லிக்காட்டக்கூடும். இதற்கு மேல் ஒரு வியாக்கியானம் வேண்டியதில்லை. வாடகை வீட்டில் ஒரு சாவைக் கண்ட குடும்பங்களுக்கு இது தானே விளங்கும். அக்கதை, வயல், குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி முடிவது நம் பழைய சாசனங்களை நினைவூட்டுகிறது. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று நம் சாசனங்கள் அடுக்கும். புதையலும் நீரும் மரமும் கல்லும் வாங்குவோரைச் சேரும். இறந்தோர் அப்பட்டியலில் இல்லை. யூதக் கதையிலோ இறந்தோர்க்காகவே பத்திரம். பிற்காலத்தில் ஆபிரகாமின் பேரன் யாக்கோபு எகிப்தில் செழிப்போடு வாழ்ந்து, அங்கேயே கண்மூடும் தறுவாயில், தன்னை அந்தக் குகைக்கே கொண்டுபோகச் சொல்கிறான். அங்கே அடங்கியவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்நிலம் விலைக்கு வாங்கியது என்பதையும் மறவாமல் சொல்கிறான். சாகும் நேரத்திலும் கிரயம் நினைவில் இருக்கிறது!

இனித் தில்லிக்குத் திரும்புவோம். இங்கே இவ்வினாவுக்கு முற்றிலும் வேறொரு விடை கிடைத்தது. மெஹ்ரௌலியில், குதுப் மினாருக்கு அருகே, முகம்மது குலி கானின் கல்லறை நிற்கிறது. அவர் அக்பரின் வளர்ப்புத்தாய் மாஹம் அனகாவின் மகன். ஆதம் கானின் உடன்பிறந்தார். 1840-களில், முகலாய அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப் இக்கல்லறையைக் கைக்கொண்டு தம் கோடைக்கால மாளிகையாக மாற்றினார். கும்மட்டத்தின் அடியில் இருந்த நடுக்கூடம் உணவறையாயிற்று. சுற்றிலும் அறைகள், தோட்டம், நீர்நிலை. பெயர் தில்குஷா, உள்ளத்துக்கு உவகை என்பது பொருள். அவருக்கு முன்னரே, 1830-களில், பிளேக் என்னும் வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி ஆதம் கானின் கல்லறையிலேயே குடிபுகுந்தார். சாப்பாட்டு மேசைக்கு இடம் வேண்டிக் கல்லறைக் கல்லை அப்புறப்படுத்தினார் என்பது மெஹ்ரௌலி வரலாற்றில் தவறாது சொல்லப்படும் செய்தி. அக்கட்டடம் பின்னர்க் காவல் நிலையமாகவும் அஞ்சலகமாகவும் இருந்து, கர்சன் பிரபு காலத்தில் மீட்கப்பட்டது.

மெட்காஃப் ரசனை அற்றவர் என்று ஒதுக்கிவிட இயலாது. தில்லியின் கட்டடங்களைக் கலைஞர் மஸ்ஹர் அலி கான் முதலியோரைக் கொண்டு தீட்டச் செய்து, தம் கையாலேயே குறிப்பெழுதி, 1844-இல் தம் பெண்மக்களுக்காக ஓர் ஓவிய நூலைத் தொகுத்தவர் அவர். மகள் எமிலியின் நினைவுக்குறிப்புகளோடு அது 'தி கோல்டன் காம்' என்ற பெயரில் 1980-இல் அச்சேறியது. மிக அழகிய நூல். ஒவ்வொரு கல்லறையும் அதில் நுட்பமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஃபிராஸ்டின் கணவன் பழக்கத்தால் பாராமல் இருந்தான். மெட்காஃப் நன்றாகப் பார்த்தார், பார்த்தும் உணவறை அமைத்தார். காட்சியாகப் பார்த்தவர்க்குக் கல்லறை கட்டடமாகிவிடுகிறது; கட்டடம் ஆனபின் அதில் குடியிருக்கத் தடை என்ன? நூலின் அழகை நாம் மறுக்கவில்லை. அவ்வழகே நம்மை உறுத்துகிறது. எமிலியின் பக்கங்களில் உள்ள பிள்ளைப்பருவ மகிழ்ச்சி உண்மையானது; அவர் தந்தை வைத்த மேசையின் அடியில் இருந்தவருக்கும் ஒரு தாய் இருந்தாள், அவளும் சற்றுத் தொலைவில் இளைய மகன் அருகே அடங்கியிருக்கிறாள் என்ற நினைவு வாசகராகிய நமக்குத்தான் வருகிறது.

இதை வெள்ளையர் செருக்கு என்று எளிதாக முடித்துவிடவும் முடியாது. டிஃபன்ஸ் காலனியில் ஷேக் அலி கும்டி என்னும் லோதி காலத்துக் கல்லறை மாடத்தை 1960-களிலிருந்து அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கம் தன் அலுவலகமாகக் கொண்டிருந்தது. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உள்ளே. உச்சநீதிமன்றம் 2025-இல் தலையிட்டுக் காலி செய்யச் செய்தது. அங்கே அமர்ந்து தண்ணீர் வரியையும் வாயில்காவலர் சம்பளத்தையும் பேசியோர் தீயவர் அல்லர். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினரே. 1947-இல் உமாயூன் கல்லறைத் தோட்டம் அகதிகளுக்கு முகாமாக இருந்ததும் இதே நகரில்தான். ஆனால் அது வேறு. போக்கிடம் இல்லாதோர் கல்லறையில் ஒதுங்குவதையும், இடவசதி கருதிக் கல்லறையை எடுத்துக்கொள்வதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது.

பிறர் கல்லறை இருக்கும் மனையை வாங்குவது பற்றி இவ்வளவு பேசினோம். நம் கல்லறை இருக்கும் மனையை விற்பதும் உண்டு. ஊரில் தோப்பு மூலையிலோ வயல்வரப்பை ஒட்டியோ பாட்டனாரின் சமாதி, ஒரு மாடக்குழி, ஆண்டுக்கொரு முறை யாராவது ஏற்றிய விளக்கு. குடும்பம் மூன்று நகரங்களில் சிதறியிருக்கிறது. நிலத்தை விற்றுவிட முடிவாகிறது. ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. முன்யோசனை உள்ள பத்திர எழுத்தர், சமாதி உள்ள இடமும் அதற்குச் செல்லும் நடைபாதையும் நீங்கலாக என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. அந்த 'நீங்கலாக' என்னும் சொல்லைக் கேட்டுப் பெறுவதற்குச் சமாதி அங்கே இருப்பது விற்பவருக்கு நினைவிருக்க வேண்டும். பூர்விக வீடு கைமாறுவதைத் தமிழ்ப் புதினங்கள் பலமுறை எழுதியுள்ளன. நாம் படித்த அளவில், முற்றத்துக்கும் ஊஞ்சலுக்கும் கிடைத்த கண்ணீரில் ஒரு துளி கூடத் தோப்பு மூலைக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நகரத்தில் வாங்கும் வீட்டுச் சன்னலில் யாரோ ஒருவரின் கல்லறை தெரிகிறதா என்று கூர்ந்து பார்க்கும் அதே கண்கள், விற்கும் நிலத்தில் பழக்கத்தால் ஒன்றையும் பாராமல் கையெழுத்திட்டுவிடுகின்றன. அங்கே புதிதாக நிலம் வாங்கியவர் வீட்டுப் பெண் ஒருத்தி, முதல்நாள் தண்ணீர் எடுக்கப் போகும்போது அதைக் காண்பாள். இது யாருடையது என்று அவள் கேட்பாள்.

வழிவந்த ஒருத்தி கேட்கும் கேள்வி நம் பழம்பாட்டிலும் உண்டு. புறநானூற்றின் 256-ஆம் பாட்டு. பாடியவர் பெயர் கிடைத்திலது. 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நாளிலிருந்து முதுமக்கள் தாழிக்குச் சான்றாக இதை எடுத்துக்காட்டுவோர் பலர். ஆதிச்சநல்லூரில் தாழிகள் வெளிப்பட்டபின் இன்னும் பலர். சான்றாகப் பார்த்துப் பார்த்துப் பாட்டைப் பாராது விட்டோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. கணவனை இழந்த பெண், ஈமத்தாழி செய்யும் குயவனிடம் பேசுகிறாள். அவன் அகன்ற பழைய ஊரைச் சேர்ந்தவன். அவளோ கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு, வண்டி போகும் இடமெல்லாம் போகும் சிறிய வெள்ளைப் பல்லியைப் போல் வந்தேன் என்கிறாள். உலக இலக்கியத்தில் இடம்பெயர்ந்து வாழும் வாழ்க்கைக்கு இத்துணைச் சிறிய, இத்துணைத் துல்லியமான உவமையை நாம் கண்டதில்லை. பல்லி வண்டியை ஓட்டுவதில்லை. போகும் ஊரையும் அறிவதில்லை. சக்கரம் சுழலும்போது அதுவும் சுழல்கிறது.

அவள் கேட்பது நிலமன்று, விலையும் பேசவில்லை. தாழியைச் சற்று அகலமாக வனைய வேண்டும், தனக்கும் இடம் இருக்கும்படி. அவ்வளவே. உடன்கட்டைக் கருத்தின் சாயல் இதில் உண்டென்று இதை ஒதுக்குவோர் இருக்கலாம்; அவ்வழக்கத்தை நாமும் போற்றவில்லை. ஆனால் ஃபிராஸ்டின் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே நிற்பதையும், இவள் ஒரு மண்கலத்துக்குள் இடம் கேட்டு நிற்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இருவரும் பிறர் ஊரில் நிற்பவர்கள் என்பதே முதலில் கண்ணில் படுகிறது. குயவனின் மறுமொழி பாட்டில் இல்லை. அவனுக்கு அது நாள்தோறும் செய்யும் தொழில். எத்தனையோ தாழிகளை வனைந்து பழகிய கை. இருவர்க்கு வேண்டிய வாயகலம் எவ்வளவு, அதற்கு மண் எத்தனை கூடை கூடுதலாக வேண்டும் என்று அவன் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்திருக்கக்கூடும்.